களையும் பயிரும்: மரண தண்டனை ஒழிப்புக்கான ஓர் அறவாதம்

தமிழில் மரண தண்டனைக்கு ஆதரவாகப் பேசுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துவைக்கும் சான்று 550ஆம் குறள். கொடியோரை அரசன் ஒறுப்பது உழவன் களையெடுத்துப் பயிரைக் காப்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. அதில் வரும் ‘கொலை’ என்னும் சொல்லைத் தண்டனையின் வகையாகக் கொண்டு, கொன்று ஒறுத்தல் என உரை கண்டார் பரிமேலழகர். அச்சொல்லைக் கொடியாரோடு சேர்த்துக் கொலைகாரரை ஒறுத்தல் எனப் படிப்போரும் உண்டு. அவ்வாறு படித்தால் ஒறுக்கும் முறை இன்னதெனக் குறள் சொல்லவில்லை என்றாகும். இக்கட்டுரை ஆதரவாளருக்குச் சாதகமான பரிமேலழகர் உரையையே ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற பின்னும் தூக்குமேடைக்கு நியாயம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

உவமையின் உள்ளே நின்று பார்ப்போம். இளம்பருவத்தில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு சிறு சவ்வு உண்டு, புல்லுக்கு இல்லை. களை பறிக்கும் கைக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கை வயலில் இறங்கினால் பயிரும் போகும். வள்ளுவரும் அந்தத் தெளிவை முன்நிபந்தனையாக வைக்கிறார். 550ஆம் குறள் அமைந்த ‘செங்கோன்மை’ அதிகாரத்தின் முதற்குறளே, குற்றத்தை ஆராய்வதையும் யாரிடத்தும் சாயாமல் நிற்பதையும் முறைசெய்தலின் இலக்கணமாக்குகிறது. அதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் அதிகாரம் முதற்குறளின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது. இந்திய நீதிமுறை அவற்றை நிறைவேற்றியிருக்கிறதா?

முதல் நிபந்தனை, ஆராய்தல். மகாராஷ்டிரத்தில் 2003இல் ஒரு குடும்பத்தினர் கொல்லப்பட்ட வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் கைதாயினர். 2009இல் உச்ச நீதிமன்றம் மூவரின் மரண தண்டனையை உறுதிசெய்ததோடு, மற்ற மூவரின் ஆயுள் தண்டனையையும் மரண தண்டனையாக உயர்த்தியது. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, காவல்துறையிடமிருந்த புகைப்படங்களில் முதலில் அடையாளம் காட்டியது வேறு நால்வரை. அந்தத் தடத்தை விசாரணை பின்தொடரவே இல்லை. நாட்டின் உச்சமன்றமே களையென்று உறுதிசெய்த ஆறும் பத்தாண்டு கழித்துப் பயிராகத் தெரிந்தன. அதற்குள் தண்டனை நிறைவேறியிருந்தால் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை யாரிடம் வாசித்துக் காட்டுவது?

இரண்டாவது நிபந்தனை, சாயாமை. உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தின் நால்வரைக் கொன்றதாக மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரின் மனுக்களும் உச்ச நீதிமன்றத்தில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அமர்வுகள் முன் வந்தன. ஒருவரின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தொங்கியிருக்க வேண்டிய மூன்றாமவர் புதிய மனுவால் தப்பினார். அவருடைய தண்டனையைக் குறைக்குமாறு 1982இல் நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. குற்றம் ஒன்று, தண்டனையும் ஒன்றாகத்தான் தொடங்கியது. முடிவை மாற்றியது மனு போய்ச் சேர்ந்த அமர்வு. ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்னும் அளவுகோலை வகுத்த 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பில் தனித்து மாறுபட்ட நீதிபதி பகவதி, இந்தத் தற்செயல்தன்மையையே முதன்மையான குறையாகச் சுட்டினார். அளவுகோல் வந்த பின்னும் அதைப் பிடிக்கும் கைகள் வேறுவேறாகவே இருந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் விதித்த மரண தண்டனையை, 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே உறுதிசெய்தது. அந்த நால்வரில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை.

பிழை எல்லாத் தண்டனையிலும் நேரும், அதற்காகச் சிறைகளை மூடிவிடுவதா என்று கேட்கலாம். சிறையில் நேரும் பிழைக்கு முழு ஈடு இல்லை என்றாலும், கதவைத் திறந்துவிடவாவது முடியும். இந்த வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் நன்கு அறியும். பொற்கொல்லனின் சொல்லை நம்பி ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியன், சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் தன் உயிரையே விடுகிறான். கோவலனைத் திருப்பித் தர இயலாத அரசனிடம் ஈடாக வைக்க எஞ்சியது அது ஒன்றே. இன்றைய அரசிடம் அதுவும் இல்லை. பொறுப்பு காவல் அதிகாரி, மூன்று நிலை நீதிமன்றங்கள், அமைச்சரவை, குடியரசுத் தலைவர், சிறைக் கண்காணிப்பாளர் எனப் பங்கிடப்பட்டு, கடைசியில் யார் கையிலும் இல்லாமல் போகிறது. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியின் சூழலைப் பார்க்கத் தேவையில்லை என்ற ஒரு தீர்ப்பின்படி 1996இல் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அத்தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானது என 2009இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் திருந்தியது. அந்த உயிருக்கு விடை சொல்ல எவரும் இல்லை.

எஞ்சும் வலுவான மறுப்பு, கொல்லப்பட்டவரின் குடும்பத்தாருடையது. அவர்களின் சினத்தைப் பழியுணர்ச்சி என்று ஒதுக்குவது அறமாகாது. குற்றவாளி மீண்டும் வெளியே வரக் கூடாது என்பதும், நடந்தது கொடுமையென்று அரசு உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கைகள். தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாத நீண்ட சிறையை 2008 முதல் உச்ச நீதிமன்றமே விதித்து வருகிறது. 2015இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. இரண்டு கோரிக்கைகளும் அதில் நிறைவேறுகின்றன. அச்சுறுத்தித் தடுப்பதில் ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை கூடுதலாக எதையும் சாதிப்பதில்லை என்று சட்ட ஆணையத்தின் 262ஆம் அறிக்கை 2015இல் முடிவுக்கு வந்தது. ஆனால் ஒழிப்பைப் பரிந்துரைத்தபோது, பயங்கரவாதம், நாட்டின்மீது போர் தொடுத்தல் ஆகிய வழக்குகளுக்கு மட்டும் அது விலக்கு அளித்தது. பொதுச்சினமும் விசாரணை அவசரமும் உச்சத்தில் இருக்கும் வழக்குகள் அவையே. பிழைக்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில் திருத்த முடியாத தண்டனையை வைத்துக்கொள்வது, ஆணையத்தின் தர்க்கத்துக்கே எதிரானது.

ஆகவே, ஒழிப்புவாதம் கொலைகாரரின் தகுதியைப் பற்றியது அன்று. மன்னிக்கவே முடியாத ஒருவர் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டும் அதை முன்வைக்கலாம். 550ஆம் குறளின் அதிகாரம் சவ்வைப் பார்த்துப் பறிக்கத் தெரிந்த கைக்கு உரியது. தன் கைக்கு அந்தத் தெளிவு இல்லை என்பதை நம் நீதிமன்றம் 1982இலும் 2009இலும் 2019இலும் தானே எழுதிவைத்திருக்கிறது.