திரும்பி வருபவருக்கு ஒரு மேசை

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த பொற்கொல்லர் மகன் ஒருவனுக்கு 1896-ல் 'ராணி உபகாரச் சம்பளம்' கிடைத்தது. நீரிணைக் குடியேற்றங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க 1885-ல் தொடங்கிய திட்டம் அது. பையன் பெயர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, 1903-ல் ஊர் திரும்பினார்.

அப்புறம் என்ன? காலனி மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். படிக்க அனுப்பிய அதே அரசுதான், படித்து வந்தவருக்கு நாற்காலி இல்லை என்றது. சூலியா தெருவில் தனியாக வைத்தியம் பார்த்தார். (சூலியா என்றால் நம்மாட்கள்தான், தமிழ் முஸ்லிம்கள்.) 1908-ல் சீனா போய்விட்டார். 1910-ன் இறுதியில் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, முகக்கவசம் போடச் சொல்லி அதை அடக்கியவர் அவர்தான். சாலைக்கு அவர் பெயரை வைத்துப் பெருமைப்படுகிறோம். நாம் ஏன் அவரை இழந்தோம் என்பது அந்தப் பெருமையில் வருவதில்லை.

வூவின் கதையோடு நான் சேர்த்துப் படிப்பது அப்துஸ் சலாமின் கதையை. போருக்காகப் பஞ்சாபில் திரட்டிய பணம் மிஞ்சியதால், 1946-ல் சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்குக் கொடுத்த உதவியில் கேம்பிரிட்ஜ் போனவர். 1951-ல் லாகூருக்குத் திரும்பினார். இவருக்கு நாற்காலி இருந்தது. பேச ஆள்தான் இல்லை. புதிய ஆய்விதழ் இல்லை, பக்கத்தில் இன்னொரு இயற்பியலாளர் இல்லை. 1954-ல் மறுபடி கேம்பிரிட்ஜ்.

அந்த வலியிலிருந்து அவர் ஒரு ஏற்பாட்டை யோசித்தார். எனக்கு அது நோபல் பரிசைவிடப் பெரிய விஷயம். 1964-ல் இத்தாலியின் திரியெஸ்தேயில் அவர் தொடங்கிய மையம், ஏழை நாட்டு விஞ்ஞானிகள் சொந்த ஊரில் வேலையில் இருந்தபடியே, சில ஆண்டுகளுக்குள் சில தடவை வந்து தங்கி ஆராய்ச்சி செய்ய வழி செய்தது. ஆப்பிரிக்காவில் ஒரு துறையில் தனியாளாக நிற்கும் விரிவுரையாளர், நாட்டை விடாமலே உலகத்தோடு ஒட்டிக்கொள்ளலாம். 1983-ல் அவர் முன்னின்று அமைத்த மூன்றாம் உலக அறிவியல் கழகம் இன்னொரு வழியையும் திறந்தது. மேற்கே போகாமல் பிரேசில், சீனா, இந்தியா, மலேசியா போன்ற நாடுகளிலேயே ஆய்வுப் பட்டம் பெற முடிந்தது.

மலேசியாவில் அதற்கான இடங்களில் ஒன்றாகப் பினாங்கு இருந்தது. ஒருகாலத்தில் பிரிட்டிஷ் படைமுகாமாக இருந்த மின்டனில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அந்தக் கழகத்தோடு சேர்ந்து உபகாரச் சம்பளம் தந்திருக்கிறது. படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. வூவை அனுப்பிவைத்த தீவு, இப்போது ஆப்பிரிக்கர்களை வரவேற்கிறது.

வரவேற்கிறதா? நான் படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் நைஜீரிய முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இருந்தார். வேறொரு உதவித்தொகையில் வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஊரில் விரிவுரையாளர். அவருக்கு அறை தேடி நான்தான் போன் போடுவேன். "இந்தியனா?" என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாண்டினால், "யாருக்கு?" ஆப்பிரிக்கர் என்றதும் அறை ஏற்கெனவே போயிருக்கும். ஆறு இடத்தில் இப்படி. தோட்டத்திலிருந்து வந்த என் தாத்தா காலத்து அவமானம் தீர்ந்துவிடவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவதாக ஒரு தமிழ்ப் பாட்டி, இரண்டு மாத முன்பணம் கேட்டு, கொடுத்தார்.

கடைசி செமஸ்டரில் அவர் ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டு, தினமும் ஆய்வக டெக்னீஷியனோடு உட்கார்ந்து இழுவிசை சோதனை இயந்திரத்தைக் கழற்றி மாட்டப் பழகினார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். தன் துறையிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, பழுதாகி நாலு வருஷம் ஆகிறது, சரிபார்க்க அங்கே ஆள் வரமாட்டார்கள் என்றார். போகும்போது பெட்டியில் துணிமணியைவிட சென்சார்களும் நகலெடுத்த கையேடுகளும்தான் அதிகம்.