பலகையும் குவளையும்: திருச்சி, திருவரங்கம் சாப்பாட்டுக் கடைகளில் நாம்



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் வந்தவர்களையெல்லாம் டீக்கடைக்கு அழைத்துப் போவார். கடைக்காரர் எந்தக் கிளாசை எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்த்த பிறகுதான் பெஞ்சில் உட்காருவார். அவர் பெயரால் நடக்கும் இந்த உரைக்குச் சாப்பாட்டுக் கடையின் வரலாற்றை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். உடனடிக் காரணம் இன்னொன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் பிறந்தநாளுக்கு மூன்று குடும்பமாகத் திருச்சியில் உள்ள ஓர் அமெரிக்கக் கோழிக்கறிக் கடைக்குப் போனோம். எண்பதைத் தாண்டிய அப்பாயியும் வந்தார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சிவப்பு நாற்காலிகள். பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து முடிப்பதற்குள் கோழி ஆறிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் அப்பாயி தன் காகிதக் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், அங்கே நின்ற பையனிடம் கேட்டார்: "தம்பி, இத எங்க கழுவி வைக்கணும்?"

பையன் சிரித்தான். "கழுவ வேணாம் பாட்டி, அந்தத் தொட்டியில போட்ருங்க."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாயியின் இளமைக் காலத்தில் டீக்கடையில் நம் ஆட்களுக்குக் கொட்டாங்குச்சி. பிறகு அலுமினியக் குவளை வந்தது. அது கடைக்குப் பின்னால் கூரையில் செருகியிருக்கும். குடிப்பவர் தானே எடுத்து, நின்றபடி குடித்து, தானே கழுவி, திரும்பவும் செருகிவிட்டுப் போக வேண்டும். காசை மட்டும் கடைக்காரர் வாங்கிக்கொள்வார், அதையும் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்லி. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கை குவளையைக் கழுவத்தான் நீள்கிறது. இத்தனைக்கும் அன்று அந்தக் கடையில் தட்டைத் தானே எடுத்துப் போட்டவர் அப்பாயி மட்டும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த எல்லோரும் அதையேதான் செய்தார்கள். அங்கே அதற்குத் தன்கைச் சேவை என்று பெயர்.

காசு கொடுத்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது நம் ஊருக்குப் புதிய எண்ணம். முன்பு வெளியூர் போனவர்களுக்குச் சத்திரம் இருந்தது. சத்திரத்தில் சாதி பார்த்துத்தான் இலை விழும். திருச்சியில் இன்றும் ஒரு பேருந்து நிலையத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. ரயில் வந்தபோதுதான் நிலைமை சிக்கலானது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. ஒரே வண்டியில் டிக்கெட் வாங்கிய எல்லோரும் வருகிறார்கள், எல்லோருக்கும் பசிக்கிறது. ரயில்வே கண்ட வழி, நிலையச் சிற்றுண்டிச் சாலையை இரண்டாகத் தடுத்தது: ஒருபக்கம் பிராமணாள், மறுபக்கம் இதராள். பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் இதை விடாமல் எதிர்த்ததன் பேரில் 1941இல் இந்தத் தடுப்பு எடுக்கப்பட்டது.

ஊருக்குள் காப்பி கிளப்புகள் பெருகின. பழைய ஆட்கள் இன்றும் அவற்றைக் கிளப்புக்கடை என்றுதான் சொல்வார்கள். காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆனது என்பதை ஆ.இரா.வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அந்தக் கிளப்புகளில் பிராமணருக்கு உள்ளறை, மற்றவர்களுக்கு வெளியறை. நமக்கு வாசலும் இல்லை. பேருந்திலும் அப்படித்தான். நம் மக்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகளின் உரிமத்தில் கைவைப்பேன் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது.

1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன் திராவிடர் கழகம் மறியலைத் தொடங்கியது. பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. நாள்தோறும் தொண்டர்கள் போவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் சொல் போனது. மாநிலம் முழுக்கப் பல ஓட்டல்களில் பலகை மாறியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2012இல், நம் திருவரங்கத்தில் ஓர் ஓட்டல் பலகையில் அதே சொல் திரும்ப வந்தது. பெரியார் இயக்கங்கள் மறுபடி தெருவில் இறங்கின. எங்களில் சிலரும் போயிருந்தோம். அதே 2012இல்தான் திருவரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் என்ற அரசுத் திட்டமும் தொடங்கியது. ஒரே ஊர், ஒரே ஆண்டு.

இந்தப் பலகைப் போராட்டத்தின் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு. அது ஒரு சொல்லின் திமிரை உடைத்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஓட்டல் வரலாறு என்றால் பலகை வரலாறு மட்டுமே எழுதப்படுகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1924–25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்திக்கு எதிராக எழுந்த சண்டையும் அப்படிப்பட்டதே. பிராமணப் பிள்ளைக்கு ஒரு பந்தி, பிராமணரல்லாத பிள்ளைக்கு வேறு பந்தியா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பந்திக்கு வெளியே நின்ற பிள்ளை அந்தக் கதையில் வருவதில்லை. பலகை நகரத்துப் பிரச்சினை. குவளை ஊர்ப் பிரச்சினை. குவளையை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர் அல்லர். நம் தோழமை அரசியலில் இதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

சட்டம் தாழவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், விடுதி என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி உள்ளே போனது. பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அதன் 4ஆம் பிரிவு, உணவகத்தில் நுழைவதை மட்டும் சொல்லவில்லை. அங்கே வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் சொல்கிறது. டம்ளர் சட்டப் புத்தகத்தில் ஏறி எழுபது ஆண்டு ஆகிறது. எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருந்தது.

அம்பேத்கருக்குத் தெரியாதா என்ன! அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்து இறங்கிய நாளை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சுயசரிதைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தன. பரோடா ரயில் நிலையத்தில் அந்த நினைப்பு திரும்ப வந்தது, எங்கே போய்த் தங்குவது என்ற கேள்வியாக. இந்து விடுதிகள் சேர்க்காது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். சில நாட்களில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. பட்டம் பெற்றவருக்கே ஒரு தட்டுச் சோறும் ஒரு கட்டிலும் பொய்ப் பெயரில்தான் கிடைத்தன.

அவர் படித்த அதே அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு உணவகம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடைக்குப் போனார்கள். சாமான் வாங்கினார்கள், கடை காசை வாங்கிக்கொண்டது. பிறகு அதே கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள், கடை தரவில்லை. எழுந்து போகவும் அவர்கள் தயாராக இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்த ஜூலையில் கவுண்டர் திறந்தது. கொட்டாங்குச்சியில் டீ வாங்கிய நமக்கு இந்தக் கதையில் விளக்கவுரை தேவையில்லை.

1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்ற உணவகம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. உள்ளே 220 பேர் உட்காரலாம், வெள்ளையர் மட்டும். கறுப்பினத்தவருக்குப் பார்சல் மட்டும். 1927 முதல் இதுதான் வழக்கம். உச்ச நீதிமன்றம் 1964 டிசம்பரில் உணவகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது சொன்ன காரணம் வேடிக்கையானது: அங்கே விற்ற இறைச்சியில் பெரும்பகுதி வேறு மாநிலத்திலிருந்து வந்தது, எனவே அது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம். மாடும் பன்றியும் எல்லை தாண்டி வந்ததால் மனிதர் உள்ளே போக முடிந்தது.

அந்த வழக்கில் எங்களைப் பிடித்து நிறுத்திய தகவல் வேறு. ஆலீஸ் உணவகத்தில் 36 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். கறுப்புக் கை பட்ட உணவை வெள்ளையர் சாப்பிடலாம், கூட உட்கார்ந்துதான் சாப்பிடக் கூடாது. இங்கே கதை தலைகீழ். உட்காருவதைச் சட்டத்துக்குப் பயந்து ஒருவேளை சகித்துக்கொள்வார்கள். கை படுவதைச் சகிக்க மாட்டார்கள். 'பிராமணாள்' பலகை யார் சாப்பிடலாம் என்பதைக் காட்டிலும் யார் சமைத்தது என்பதற்குத்தான் உத்தரவாதம் கொடுத்தது. நிறவெறியும் சாதியும் ஒன்று என்று மேடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சமையற்கட்டில் இரண்டும் பிரிகின்றன.

திருப்பாணாழ்வார் கதையை நினைத்துப் பாருங்கள். உறையூரில் பிறந்த பாணரைக் காவிரிக் கரையில் கல்லால் அடித்த லோகசாரங்க முனிவர், பிறகு அவரைத் தோளில் சுமந்து அரங்கன் முன் நிறுத்தினார் என்பது கதை. தோளில் ஏற்றியவர்கள் பந்தியில் உட்கார வைத்தார்களா, அவர் ஆக்கிய சோற்றை உண்டார்களா என்று கதை சொல்வதில்லை.

இன்றைக்கு வருவோம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தகராறு செய்தார்கள். 2023இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. இரண்டிலும் பிரச்சினை கைதான்.

இதற்கு மாறான இடம் ஒன்றைத் திருச்சிக்காரர்கள் மறக்கக் கூடாது: தொழிற்சாலை கேன்டீன். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி 250 தொழிலாளர்களுக்கு மேல் இருந்தால் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருந்தது. பொன்மலைப் பணிமனையிலும் திருவெறும்பூர் பெல் ஆலையிலும் வேலை பார்த்த நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள் பலர் அடுத்த சாதிக்காரருடன் ஒரே வரிசையில் நின்று, ஒரே மாதிரித் தட்டில் முதன்முதலாகச் சாப்பிட்டது கேன்டீனில்தான். ஓட்டலுக்குப் போன கதையை யாரும் எழுதவில்லை என்றால் கேன்டீன் கதையையாவது மாணவர்கள் யாராவது ஆய்வுக்கு எடுக்க வேண்டும். சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

அப்படியானால் அமெரிக்கக் கடை? நம் குடும்பங்கள் அங்கே ஏன் போகின்றன என்று எங்கள் வீடுகளிலேயே கேட்டுப் பார்த்தோம். ருசியைச் சொன்னவர்கள் குறைவு. "யாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க" என்றார் ஒரு தங்கை. கோழி வறுக்கும் பையன் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. தொப்பியும் சீருடையும் போட்ட எல்லாக் கையும் ஒன்றுபோல இருக்கின்றன. எங்கள் தெருப் பையன்கள் சிலரே அந்த வேலையில் இருக்கிறார்கள். மாநிலத்தின் எந்த அக்ரகாரமும் தராத ஒன்றை ஒரு வறுவல் கடை தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள இடதுசாரித் தோழர்கள் சங்கடப்படலாம். எங்களுக்கும் சங்கடம்தான். ஆனாலும் அது உண்மை.

உண்மையின் மறுபாதியும் உண்டு. அமெரிக்க பர்கர் 1996இல் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது. சைவத்துக்குத் தனிச் சமையற்கட்டு என்று விளம்பரம் செய்தது. 2012இல் அமிர்தசரஸ், கத்ரா போன்ற யாத்திரைத் தலங்களில் முழுச் சைவக் கடை திறக்கப்போவதாக மெக்டொனால்ட்ஸ் அறிவித்தது. 2024 மார்ச்சில் சொமாட்டோ சுத்த சைவக்காரர்களுக்குத் தனிப் பச்சைச் சீருடைப் பட்டாளத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் மறுநாளே தனிச் சீருடையைக் கைவிட்டது. பன்னாட்டு மூலதனம் சாதியை உடைக்கும் என்று நம்பியவர்கள், அது சாதிக்கு ஏற்ற அளவில் சட்டை தைத்துக்கொள்வதையும் பார்க்க வேண்டும். நம் அரசும் குறைந்ததில்லை. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது.

டீக்கடைக் குவளையும் உருமாறிவிட்டது. மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், நமக்குத் தூக்கியெறியும் கப். கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள். யாரும் கழுவ வேண்டாம், கூரையில் செருக வேண்டாம், வழக்குப் போடச் சாட்சிப் பொருளும் மிஞ்சாது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பாத்திரத்தைச் சொன்னது. பாத்திரமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

பிறந்தநாள் அன்று அப்பாயி குவளையைத் தொட்டியில் போட்டுவிட்டு உடனே திரும்பி வரவில்லை. தொட்டிக்குள் இருந்த கறுப்புப் பையை மாற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நின்றார். நீலச் சீருடை, ஒப்பந்த ஆள். எந்த ஊர் என்று அப்பாயி கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தங்கை சொன்ன அதே கேள்வி. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க் காலனிக்காரர்கள். உறவுமுறைகூட வந்துவிட்டது, சின்னம்மா மகள் முறை.

"நீ சாப்ட்டியாம்மா?"

"கொண்டாந்துருக்கேன் பெரியம்மா. மூணு மணிக்கு மேல சாப்புடுவேன்."

"இங்கயா, இந்த நாக்காலியிலயா?"

"இங்க உக்கார விடமாட்டாங்க. பின்னாடி படிக்கட்டுல."

அப்பாயி எங்கள் மேசைக்கு வந்து, பிள்ளைகள் சாப்பிடாமல் வைத்திருந்த நான்கு கோழித் துண்டுகளைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டினார். கடைக்கு வெளியே சுற்றி வந்து, பின்பக்கப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று எங்களிடம் கேட்டார்.