இந்தியச் சிவிங்கியின் அழிவு: 1947க்கு முந்தைய வரலாறு

இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1947ஆம் ஆண்டைச் சுட்டுவர். அவ்வாண்டில், இன்றைய சத்தீஸ்கரில் அடங்கிய கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஓரிரவில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். 1952இல் அவ்விலங்கு நாட்டில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. (சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு, தமிழ் இதழ்களில் இவ்விரு பெயர்களும் இன்றும் மயங்கி வழங்குகின்றன.) அந்த வேட்டை அழிவின் இறுதிக் கட்டத்தையே காட்டுகிறது; அதன் காரணங்களை முகலாயர் காலத்திலிருந்து தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இரலை மான்களைத் துரத்திப் பிடிக்கச் சிவிங்கியைப் பழக்கும் வழக்கம் அரசவைகளில் வேரூன்றியிருந்தது. தம் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிகள் வரை திரட்டியதாக ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். அடைபட்ட நிலையில் அவை இணைசேர்வதில்லை என்பதையும் அவரே குறிக்கிறார். அவர் காலத்தில் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிய ஓர் ஆண் விலங்கு பெண்ணுடன் சேர்ந்ததில் மூன்று குட்டிகள் பிறந்தன. அதனை வியப்புக்குரிய நிகழ்வாகவே அவர் பதிந்துள்ளார். ஆகவே, கொட்டிலில் இறந்த ஒவ்வொரு விலங்குக்கும் ஈடாகக் காட்டிலிருந்து மற்றொன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதிலும், தாயிடம் வேட்டை கற்றுத் தேர்ந்த, வளர்ந்த விலங்குகளே விரும்பிப் பிடிக்கப்பட்டன. ஈனும் பருவத்தினவே இவ்வாறு காட்டைவிட்டு நீங்கின. கொல்லாமலே ஓர் இனத்தைக் குறைக்க இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

காலனிய ஆட்சியில் சிவிங்கியைக் கொன்றோருக்குப் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. புல்வெளிகள் உழவு நிலங்களாயின; வருவாய்ப் பதிவேடுகளில் அவை ‘தரிசு’ எனப் பெயர் பெற்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாவ்நகர், கோலாப்பூர் சமஸ்தானங்கள் வேட்டைச் சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலிருந்தே வரவழைத்தன. உள்நாட்டில் பிடிப்பதற்குப் போதிய விலங்குகள் இல்லாத நிலை, கொரியா வேட்டைக்கு முன்பே வந்துவிட்டதை இது உணர்த்துகிறது.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விடப்பட்டன. அவை ஆப்பிரிக்கத் துணையினத்தைச் சேர்ந்தவை. ஆசியத் துணையினம் ஈரானில் மட்டும் மிகச் சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ளது. அழிவின் பொறுப்பை ஒரு மன்னரின் துப்பாக்கியோடு நிறுத்திவிட்டால், வேட்டைத் தடையும் அயல்நாட்டு விலங்கும் அதற்குத் தீர்வாகத் தோன்றலாம். புல்வெளி அந்தக் கணக்கில் இடம்பெறாது. சிவிங்கி வாழ்ந்த வறண்ட புல்வெளிகளைச் சார்ந்த கானமயிலும் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. ராஜஸ்தானில் அது மின்கம்பிகளில் மோதி மடிகிறது. அத்தகைய புல்வெளிகள் பலவும் அரசு ஆவணங்களில் இன்னும் தரிசு நிலங்களாகவே நீடிக்கின்றன.