கிளட்ச் பெடலுக்கு எதுக்கு ஆட்டம்?

"கிளட்ச் பெடல் லூசா இருந்துச்சு, வீட்லயே நட்டை டைட் வெச்சேன். இப்ப இன்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது." டவுன்ல இருந்து கார் எடுத்துட்டு வர்றவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சேத்தியாத்தோப்புப் பக்கம் டிராக்டர் ஓட்டுறவங்க காதுல இது விழுந்தா உடனே திருப்பிக் கேப்பாங்க: "ப்ளே விட்டீங்களா?"

பெடலை மிதிச்சதும் கனமில்லாம சும்மா இறங்குற அந்தக் கொஞ்ச தூரம்தான் ப்ளே. பார்க்கிறதுக்குப் பழுது மாதிரி இருக்கும். ஆனா வேணும்னே விட்ட இடைவெளி அது. ஏன்னு தெரிய கிளட்சோட கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

சென்னை மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1903-ல ஒரு நீராவிக் கார் செஞ்சு ஓட்டிக் காட்டினாங்க. நீராவி வண்டிக்குப் பொதுவா கிளட்ச் தேவைப்படாது. நின்ன இடத்திலேயே நீராவி பிஸ்டனைத் தள்ளும், சக்கரமும் கூடவே நகரும். பெட்ரோல், டீசல் இன்ஜின் அப்படியில்ல. முதல்ல அது சுத்திக்கிட்டு இருக்கணும், அப்புறம்தான் பாரம் ஏத்தணும். நிக்கிற சக்கரத்தோட திடீர்னு இணைச்சா அணைஞ்சு போயிடும். அதனால நடுவுல பிடிச்சு விடுறதுக்கு ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது.

1886-ல காப்புரிமை வாங்கின கார்ல் பென்ஸோட வண்டி அந்த வேலையைப் பெல்ட்டால செஞ்சது. பழைய ரைஸ் மில்லைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஒரே இன்ஜின் ஓடும். பெல்ட் லூஸ் புல்லியில இருந்தா மெஷின் நிக்கும், பக்கத்துப் புல்லிக்குத் தள்ளினா மெஷின் சுத்தும். அதுவும் ஒரு கிளட்ச்தான்.

அடுத்து வந்தது கூம்பு வடிவக் கிளட்ச். அதுல பிடிப்புக்குத் தோல் சுத்தியிருப்பாங்க. தோல் காய்ஞ்சா வண்டி வெடுக்குனு பாயும், எண்ணெய் தடவணும். எண்ணெய் அதிகமாயிட்டா வழுக்கும், மண்தூள் தூவணும். அன்னைக்கு டிரைவரே பாதி மெக்கானிக்.

தோலுக்கு மாற்று வந்த கதை மாட்டுவண்டிக்காரங்களுக்குப் பிடிக்கும். இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட், இறக்கத்துல வண்டி ஓட்டுறவங்க மரப் பிரேக் கட்டையில பழைய பூட்ஸ் தோலை ஆணியடிச்சு வெச்சிருந்ததைக் கவனிச்சார். அதைவிட நல்லா பிடிக்கிற பொருளைத் தேடி, 1897-ல தொடங்கின தொழில்தான் ஃபெரோடோ. பிரேக்குக்கு வந்த அந்த உராய்வுப் பட்டை கிளட்ச் பிளேட்டுக்கும் போச்சு. கூம்பு போய், இன்னைக்கு நாம மிதிக்கிற தட்டைப் பிளேட் கிளட்ச் பரவிடுச்சு.

ப்ளேயோட கதை இங்கதான் வருது. பெடலை மிதிச்சா ராடோ கேபிளோ ஒரு கவையைத் தள்ளும். கவை ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். பேரிங் பிரஷர் பிளேட்டோட விரல்களை அமுக்கினதும் பிடிப்பு விடும். காலை எடுத்தா பேரிங் அந்த விரல்களைத் தொடாம விலகி நிக்கணும். பல பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள்ல இந்த பேரிங் வெறும் கார்பன் வளையம். எப்பவும் உரசிக்கிட்டே இருந்தா தேஞ்சு தீர்ந்துடும். அதுக்குத்தான் ப்ளே.

இதுல நிறைய பேர் தலைகீழா நினைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. பிளேட் தேயத் தேய ப்ளே கூடாது, குறையும். பிளேட் மெலிஞ்சா அந்த விரல்கள் பேரிங்கை நோக்கி வரும். ஆக, ப்ளே இல்லாத பெடல்தான் தேஞ்ச பிளேட்டோட அடையாளம். கேபிள் நீண்டா மட்டும் ப்ளே கூடும். 1983-ல வந்த மாருதி 800 கேபிள் கிளட்ச் வண்டி. ஸ்பேனர் வெச்சிருந்தா யாரும் திருகிப் பார்க்கலாம்னு ஆனது.

திருகின பிறகு கோளாறு வந்தா ரெண்டு விதமாத்தான் இருக்கும். ப்ளே போயிடுச்சுன்னா பிளேட் முழுசாப் பிடிக்காது. இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது, கருகின வாடை வரும். நட்டைத் தளர்த்தணும். ப்ளே அதிகமாயிட்டா முழுசா விடாது. ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்'னு பல் கடிக்கும், மிதிச்சிருந்தும் வண்டி நகரப் பார்க்கும். நட்டைக் கொஞ்சம் இறுக்கணும். அதுக்கு முன்னாடி கால்மிதி பெடலுக்கு அடியில சிக்கியிருக்கான்னும் பாருங்க.

டிராக்டர்ல இது இன்னும் கனமான விஷயம். டாஃபே 1960-ல சென்னையில தொடங்கி, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இந்தப் பக்க வயலுக்கெல்லாம் கொண்டு வந்தது. இரட்டைக் கிளட்ச் இருக்கிற டிராக்டர்ல பாதி மிதிச்சா சக்கரம் நிக்கும், முழுசா மிதிச்சா பின்னாடி ரோட்டவேட்டரைச் சுத்துற தண்டும் நிக்கும். செட்டிங் தப்பினா முழுசா மிதிச்சும் அது நிக்காம சுத்தும். கத்தியில சிக்கின வைக்கோலை எடுக்கக் குனியிறவன் கை என்ன ஆகும்? அதனால கிளட்சை நம்பாம இன்ஜினை அணைச்சிட்டுத்தான் இறங்கணும்.

அரவைக் காலத்துல எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திப் போற டிராக்டர் வரிசையில முழ முழமா நகரும். அங்க ஹாஃப் கிளட்ச்சுல நின்னா பிளேட் வெந்துடும். பழகின டிரைவர் நியூட்ரல் போட்டு, காலைப் பெடலை விட்டு எடுத்துடுவார். கால் பெடல்மேல சும்மா கிடந்தாலே ப்ளே இல்லாத மாதிரிதான்.

இப்ப வர்ற பல கார்கள்ல ஹைட்ராலிக் கிளட்ச். திருக நட்டே இருக்காது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ள காற்று, எண்ணெய் குறைஞ்சா எங்கேயோ கசிவு. அது மெக்கானிக் வேலை.

உங்க வண்டியில நட்டு இருந்தா, தொடுறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற இடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. எத்தனை சுத்து திருகினீங்கன்னு எண்ணி எழுதி வைங்க. வண்டிப் புத்தகத்துல சொன்ன ப்ளேயை ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டு, லாக் நட்டை இறுக்குங்க. அப்புறம் காலி ரோட்ல ஒரு மேட்டுல ஏத்திப் பாருங்க. அப்பவும் கருகின வாடை வந்தா, பிளேட்டோட ஆயுசு முடிஞ்சிருக்கு. நட்டைத் திருகி அதை நீட்ட முடியாது.