சிறு சொற்களின் வரலாறு
ஆங்கிலத்தின் உருவொத்த சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கிலத்திற் கட்டுரை வரைய முற்படும் எம்மனோரை இடறச் செய்வன நெடுஞ்சொற்கள் அல்ல. அவற்றை அகராதியிற் பார்த்து எழுதிவிடுகின்றோம். இரண்டு, மூன்று, நான்கு எழுத்துகளாலான சிறு சொற்களே எமக்குப் பகையாகின்றன. முதலாம் ஆண்டில் யான் எழுதிய ஆங்கிலப் பயிற்சிக் கட்டுரையொன்று திரும்பி வந்தபோது, அதிற் பதினோரிடங்கள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. அவற்றுட் பல ஒரேவகைப் பிழைகள். ஒப்பீட்டை உணர்த்தும், ‘ஏ’ எழுத்துடைய ‘தான்’ வரவேண்டிய இடத்தில், ‘அப்பொழுது’ எனப் பொருள்படும், ‘ஈ’ எழுத்துடைய ‘தென்’ வந்திருந்தது. ‘இவை வேறு வேறு சொற்கள்’ என்பது ஓரத்திலிருந்த குறிப்பு. இன்றைய வழக்கிற்கு அக்குறிப்பு முற்றிலும் பொருந்தும். வரலாற்றிற்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்லாகும். காலங் குறித்த சொல்லே ஒப்பீட்டிற்கும் பயன்பட்டது. ‘இவன் மூத்தவன், பின்னர் அவன்’ என வரிசைப்படுத்திக் கூறும் வழக்கே நாளடைவில் ‘அவனிலும் மூத்தவன்’ என்னும் ஒப்பீடாக இறுகிற்று என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. தமிழிலும் ‘விட’, ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’ என்பன வினைகளிலிருந்து தோன்றி ஒப்பீட்டுச் சொற்களாயினமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழியாகிய ஒல்லாந்த மொழியில் இன்றும் ஒரே சொல் இவ்விரு பொருளையும் தருகின்றது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதற் பதிப்பிலும், 1623 இல் வெளிவந்த சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியிலும் ஒப்பீட்டுப் பொருளில் ‘ஈ’ பெற்ற வடிவமே பரக்கக் காணப்படுகின்றது. பிற்காலப் பதிப்பாளரே அதனை மாற்றி அச்சிட்டனர். ஏறத்தாழ 1700 ஆம் ஆண்டளவிலேயே இவ்வேறுபாடு நிலைபெற்றது. எனவே, என் கட்டுரையில் வட்டமிடப்பட்ட அதே எழுத்து, ஒரு காலத்தில் மன்னர் பெயரால் வழங்கும் விவிலியத்தில் அச்சேறியிருந்த எழுத்தாகும்.

ஒரு சொல் இரண்டாகியது எவ்வாறு? இதற்கான விடை ஒலியழுத்தத்தில் உள்ளது. ஆங்கிலேயர் ஒரு வாக்கியத்திற் சில சொற்களை அழுத்தியும் சிலவற்றை மெலித்தும் ஒலிப்பர். ஒரே சொல் ஓரிடத்தில் அழுத்தம் பெற்றும் பிறிதோரிடத்தில் அதனை இழந்தும் வழங்குமாயின், அவ்விரு ஒலிப்புகளும் காலப்போக்கில் இரு சொற்களாகப் பிரிதல் கூடும். ஓர் ‘எஃப்’ உடைய ‘ஒவ்’, இரண்டு ‘எஃப்’ உடைய ‘ஓஃப்’ ஆகியன இவ்வாறு பிரிந்தவை. நீங்கற் பொருளே மூலப்பொருள். அழுத்தம் பெற்ற வடிவம் அப்பொருளைக் காத்துக்கொண்டது. அழுத்தமிழந்த வடிவமோ, 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சு மொழியின் செல்வாக்கிற்கும் உட்பட்டு, எமது ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைப் பெரிதும் ஏற்றது. எழுத்தில் இவை திட்டமாகப் பிரிந்தது பதினேழாம் நூற்றாண்டில் ஆகும். ஓர் ‘ஓ’ உடைய ‘ரு’ திசையையும், இரண்டு ‘ஓ’ உடைய ‘ரூ’ மிகுதியையும் எச்சவும்மையின் பொருளையும் உணர்த்துவதும் இவ்வகையினதே. ‘ஒன்று’ எனப் பொருள்படும் பழஞ்சொல் அழுத்தமிழந்து, உயிருக்கு முன் ‘ஆன்’ என்றும் மெய்க்கு முன் ‘ஏ’ என்றும் குறுகியமை, எமது ‘ஓர்’, ‘ஒரு’ என்பவற்றை அறிந்தார்க்குப் புதுமையன்று.

இப்பிரிவுகள் முதலிற் செவியில் நிகழ்ந்தன. தாளிற் பின்னரே பதிந்தன. வில்லியம் கக்ஸ்ரன் 1476 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவும் வரை எழுதுவோர் தத்தம் வட்டார வழக்கிற்கேற்ப எழுதினர். அச்சு அவ்வேற்றுமைகளைப் படிப்படியாகக் குறைத்தது. 1755 இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி அந்த ஒழுங்கிற்கு வலுவூட்டிற்று.

உருவொத்த சொற்கள் அனைத்தும் அழுத்தத்தாற் பிறந்தன அல்ல. ‘லை’ என்பது கிடத்தல், ‘லே’ என்பது கிடத்துதல். ‘சிற்’ என்பது இருத்தல், ‘செற்’ என்பது இருத்துதல். ‘ஃபோல்’ என்பது வீழ்தல், ‘ஃபெல்’ என்பது வீழ்த்துதல். எம் இலக்கண நூலார் தன்வினை, பிறவினை என வகுத்தவையே இவை. தமிழிற் பிறவினை விகுதி இன்றும் வெளிப்பட நிற்கின்றது. ஆங்கிலத்தின் முன்னோர் மொழியிலும் அத்தகைய விகுதியொன்று இருந்தது. அது தனக்கு முன்னிருந்த உயிரை மாற்றிவிட்டுத் தான் மறைந்தது. உயிர்மாற்றம் மட்டும் எஞ்சிற்று. போதாக்குறைக்கு, ‘லை’ என்பதன் இறந்தகால வடிவமும் ‘லே’ என்றே அமைந்தது. ஆங்கிலேயரே இதில் இன்றுவரை தடுமாறுவது வியப்பன்று.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் உண்டு. அனுமதித்தலைக் குறித்த சொல்லொன்றும் தடுத்தலைக் குறித்த வேறொரு சொல்லும் ஒலி திரிந்து ‘லெற்’ என ஓருருவாயின. ஒரே உருவம் முரண்பட்ட இரு பொருளைத் தாங்குதல் எளிதன்று. தடுத்தற்பொருள் பொதுவழக்கிலிருந்து நீங்கிற்று. பிரித்தானியக் கடவுச்சீட்டில் உள்ள பழைய வாசகம் போன்ற சிலவிடங்களிலேயே அது எஞ்சியுள்ளது. குழப்பம் எல்லை கடக்குமிடத்து மொழி தானே வழிகாண்கின்றது.

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? இச்சொற்களின் வேறுபாடு ஆங்கிலேயர் செவியிற் பிறந்து, சில நூற்றாண்டுகள் கழித்தே எழுத்தில் உறுதியாயிற்று. எம்மிற் பலருக்கோ ஆங்கிலம் கரும்பலகையிலும் பாடநூலிலும் முதலில் அறிமுகமானது. மேலும், தமிழில் ஒலியழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை. செவி காட்டித்தராத வேறுபாட்டைக் கண் மட்டுமே காக்க வேண்டியுள்ளது. ஆதலின் இப்பிழைகளை அறிவுக்குறைவின் அடையாளமாகக் கொள்வது தவறு. நாம் அம்மொழியை அடைந்த பாதையின் அடையாளம் அவை.

ஆயினும் வரலாறு பிழைக்கு உரிமம் ஆகாது. 1611 இல் வழக்கு நெகிழ்ந்திருந்தது. இன்று அது உறுதிப்பட்டுள்ளது. எழுதுவோரும் படிப்போரும் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டை மீறினால் இடர்ப்படுபவர் படிப்பவரே. எனவே சிவப்பு வட்டம் வேண்டியதே. அவ்வட்டத்துடன் சொல்லின் கதையும் கூறப்படுமாயின், மாணவன் நாணித் தலைகுனியாது காரணமறிந்து திருத்திக்கொள்வான். அப்பதினோரிடங்களையும் யான் அன்றே திருத்தி எழுதினேன். ஆயினும் மறுமாதமும் அதே பிழை நேர்ந்தது. இச்சொற்களின் வரலாற்றைப் படித்தபின்னரே அது என் எழுத்திலிருந்து நீங்கிற்று.