சப்பைமூக்கு நாய்களுக்கான சுவாச அறுவை சிகிச்சை

பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் போன்ற சப்பைமூக்கு நாய்களின் அடைபட்ட காற்றுப்பாதையைத் திறந்துவிடும் சிகிச்சை இது. முகம் குட்டையான குட்டிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்ததில் மண்டையோடு சுருங்கியது. உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத்துளை கீறல்போல் ஒடுங்கியிருக்கும். நீண்ட மென்னண்ணம் குரல்வளை வாசலை மறைக்கும். இவை விடும் குறட்டையைப் பலர் செல்லமாக ரசிக்கிறார்கள்; அது மூச்சுக்குத் திணறும் ஓசை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வெயிலில் இந்தக் குறை உயிருக்கே உலை வைக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான கடலோரப் புழுக்கத்தில் ஈரம் சட்டென்று ஆவியாவதில்லை. நாய் இன்னும் வேகமாக இளைக்கும், தொண்டை வீங்கும், இருக்கிற வழியும் அடைபடும். நாக்கு நீலம் பாரித்துச் சுருண்டு விழவும் கூடும்.

2003இல் வந்த ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனைத் தொடர்ந்த பக், இந்த இனத்தை நாடெங்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையோ, இம்மண்ணின் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களில் பக்கையும் பிரெஞ்சு புல்டாக்கையும் சேர்த்தது.

அறுவை தேவையா என்பதை நாயை ஓடவிட்டே கணிக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019இல் கொண்டுவந்த முறைப்படி, 3 நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் இடுகிறார்கள்.

முழு மயக்கத்தில் நாயைக் குப்புறக் கிடத்தி, வாயை அகலத் திறந்து நிறுத்துவார்கள். மூக்கின் ஓரத்தில் ஆப்பு வடிவில் சிறு துண்டு வெட்டித் தையல் போட்டால் துளை விரியும். அடுத்து, குரல்வளைமூடியைத் தாண்டித் தொங்கும் மென்னண்ணத்தை நறுக்குவார்கள். கொஞ்சம் அதிகம் வெட்டினாலும் தீனியும் நீரும் மூக்கில் ஏறும்; குறைத்து வெட்டினால் பயனில்லை. குரல்வளைக்குள் பிதுங்கிய சிறு பைகள் இருந்தால் அவற்றையும் நீக்குவதுண்டு.

கத்தி வைக்கும் நேரத்தைவிட மயக்கம் தெளியும் நேரமே ஆபத்தானது. வெட்டிய இடம் வீங்கலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். அதனால் நாய் நன்றாக விழிக்கும்வரை மூச்சுக்குழாயில் செருகிய டியூபை எடுப்பதில்லை. அன்றிரவு ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனையைத் தேடிப் போவது இதற்காகவும்தான்.

இளம் வயதிலேயே செய்வது நல்லது. வருடக்கணக்கில் மூச்சை இழுத்து இழுத்துக் குரல்வளைக் குருத்தெலும்பு தளர்ந்துவிட்டால் அறுவையின் பலன் குறைந்துவிடும். சிகிச்சை வெற்றி பெற்றாலும் மூக்கு நீண்டுவிடாது. எடை ஏறவிடக் கூடாது. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் வார் போட வேண்டும். கோடையில் விடியற்காலையில்தான் நடைக்கு அழைத்துப்போக வேண்டும்.