ஏரியில் பிறந்து கடலுக்கு வந்த மோட்டார்

இன்றைய எபிசோடு ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தைப் பற்றியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனா அது தேஞ்சு போச்சுன்னா, நடுக்கடலில் ஒரு படகே நின்றுவிடும்.

படகுக்குப் பின்னால் தொங்குமே, அவுட்போர்டு மோட்டார், அதைத்தான் சொல்கிறேன். பைக் என்ஜினைக் காற்று குளிர்விக்கிறது. காரில் ரேடியேட்டர் இருக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்களில் இந்த ரெண்டுமே கிடையாது. படகு எந்தத் தண்ணீரில் மிதக்கிறதோ, அதையே உறிஞ்சி, என்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, திரும்ப வெளியே துப்பிவிடும்.

இந்த யோசனைக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1900களின் முதல் பத்தாண்டிலேயே இப்படி ஒரு மோட்டாரை விற்றார். அவருடைய முதல் மோட்டார்கள் காற்றால் குளிர்ந்தவை. சீக்கிரமே தண்ணீருக்கு மாறினார். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும், இல்லையா?

ஆனால் பெயர் வாங்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு விஸ்கான்சினுக்கு வந்தவர். 1909-ல் மில்வாக்கியில் அவர் விற்கத் தொடங்கிய மோட்டாரின் சக்தி ஒன்றரை குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்தான்! வியாபாரத்தைக் கவனித்தவர் அவர் மனைவி பெஸ். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போய் எந்தப் படகிலும் மாட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

என்னைப் பொறுத்தவரை, இதில் ஒரு பேரம் இருக்கிறது. ரேடியேட்டர் வேண்டாம், எடை மிச்சம். பதிலுக்கு, வெளித் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் என்ஜினுக்குள் வரும். மணல், பாசி, உப்பு, இப்போ பிளாஸ்டிக் கவரும். பழைய மோட்டார் சூடாகுதுன்னா, பெரும்பாலும் அந்தப் பேரத்துக்கு வட்டி கட்டுறோம்னு அர்த்தம்.

தண்ணீரை மேலே ஏற்றும் விதமும் மாறிக்கொண்டே வந்தது. 1930, 40களின் சில ஜான்சன் மோட்டார்களில் தனியாக பம்பே கிடையாது. புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீரின் அழுத்தமே மேலே ஏற்றிவிடும். அந்த வகை மோட்டாரைப் பிரித்து ரப்பர் சக்கரத்தைத் தேடினால் கிடைக்காது. அதன் பிறகு பரவலானதுதான் ரப்பர் இம்பெல்லர். அதன் இதழ்கள் ஒரு பக்கம் நெருக்கமான கூட்டுக்குள் வளைந்து வளைந்து சுற்றும். அதற்கு வழுக்கல் கொடுப்பதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் கரையில் சும்மா ஓட்டிப் பார்த்தால், கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

சரி, மோட்டார் சூடாகுது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அதை முதல்ல பாருங்க. நின்னுடுச்சா? உடனே என்ஜினை அணைங்க. கீழே தண்ணீர் நுழையும் சல்லடையில் கவரோ பாசியோ சிக்கியிருக்கலாம். பீச்சும் துளையே அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பி விட்டால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் இம்பெல்லர். இதழ் உடைந்திருந்தால், உடைந்த துண்டையும் தேடி எடுக்கணும். அது மேலே போய் வேறொரு வழியை அடைத்துக்கொண்டு, புது இம்பெல்லர் போட்ட பிறகும் வேலை காட்டும்.

தண்ணீர் நன்றாகப் பீச்சியும் சூடாகிறது என்றால், சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். கழற்றி வெந்நீரில் போட்டால் திறக்க வேண்டும். கடைசியாக, உள் வழிகளில் படிந்த உப்பு.

இந்த உப்பில்தான் நம்ம ஊர்க் கதை வருகிறது. எவின்ரூட்டின் மோட்டார் முதலில் ஓடியது விஸ்கான்சினின் நன்னீரில். விடுமுறைக்கு மீன் பிடிப்பவர்களின் சாமான் அது. நம் கடற்கரையில் 1980களுக்குப் பிறகு வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் அவுட்போர்டு பரவியபோது, அதே வடிவமைப்பு உப்புத் தண்ணீரில், தினசரிப் பிழைப்புக்காக ஓட ஆரம்பித்தது. கடல் நீர் சூடாக ஆக, உள்ளே சுண்ணாம்பு மாதிரி படியும். அதனால் ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் மோட்டாரை ஓடவிட்டுக் கழுவச் சொல்வார்கள். சொல்வது சுலபம். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கிற ராமநாதபுரம் கரையில், மோட்டாருக்கு ஒரு டிரம் தண்ணீர் என்பது சின்ன விஷயமா?

அதே கரைக்கு எதிரே பாக் நீரிணை. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் அங்கே கடல் எல்லை வகுத்தன. தண்ணீரில் கோடு தெரியாது. சூடாகி நின்ற மோட்டாரோடு ஒரு வள்ளம் காற்றிலும் நீரோட்டத்திலும் நகர்ந்தால், கோட்டைத் தாண்டிவிடலாம். தாண்டினால் கைது, படகு பறிமுதல் என்று போகும். மில்வாக்கியில் மோட்டார் நின்றால் துடுப்புப் போட்டு ஏரிக்கரைக்கு வந்துவிடலாம். இங்கே அதன் விலை ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு.

2020-ல் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. அவர் போட்ட பேரம் மட்டும் நம் கடற்கரைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், கிளம்பும் படகின் பின்பக்கம் பாருங்கள். நூல் மாதிரி தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தால், தண்ணீர் மேலே ஏறிக்கொண்டு இருக்கு. அடுத்த வாரம் சந்திப்போம்.